பிள்ளையின் அறையில் பூஞ்சணம், சிங்க்குக்குக் கீழே எலி, கீழ்க்கடையில் இரைச்சல்: கவுன்சிலிடம் எப்படிச் சொன்னால் நடக்கும்?

கேள்வி: கிழக்கு லண்டனில் ஒரு டேக்அவே கடைக்கு மேலே உள்ள பிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் தனியார். கீழே உள்ள கடை வேறொருவருடையது. நான்கு வயது மகனின் அறை மூலையில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. அவனுக்கு இருமல் விட்டபாடில்லை. "நாள் முழுக்க அவித்துச் சமைக்கிறீர்கள், துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், பிழை உங்கள் மேல்தான்" என்கிறார் வீட்டுக்காரர். சிங்க்குக்குக் கீழே எலிப் புழுக்கை கிடக்கிறது. கடையின் காற்றாடி இரவு ஒரு மணி வரை உறுமுகிறது. எல்லாவற்றையும் எழுதிக் கவுன்சில் இணையதளத்தில் புகார் கொடுத்தேன். ஒரு படிவம் அனுப்பினார்கள். அதை நான் நிரப்பி அனுப்பவில்லை. பிறகு 'கேஸ் மூடப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது. மேலும் வற்புறுத்தினால் வீட்டுக்காரர் எங்களை எழுப்பிவிடுவார் என்று கணவர் பயப்படுகிறார். அரச உதவி பெற முடியாது என்று எங்கள் விசாவிலும் போட்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பியது ஒரு புகார். கவுன்சிலுக்குள் அது மூன்று கோப்பு. பூஞ்சணத்தைப் பார்ப்பவர்கள் தனியார் வாடகை வீட்டுப் பிரிவு. காற்றாடி இரைச்சலைப் பார்ப்பவர்கள் நாய்ஸ் டீம். எலி கடையிலிருந்து வந்தால் உணவுப் பாதுகாப்புப் பிரிவு, வீட்டின் ஓட்டை உடைசலால் வந்தால் மறுபடி வீட்டுப் பிரிவு. எல்லாமே 'என்விரான்மென்டல் ஹெல்த்' (சுற்றுச்சூழல் சுகாதாரம்) என்ற பெயரில்தான் இயங்குகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் கையில் எடுக்கும் சட்டம் வேறு, அதிகாரி வேறு, காலக்கெடு வேறு. உங்களுக்கு வந்த படிவம் பெரும்பாலும் இரைச்சல் நாட்குறிப்பாக இருக்கும். அது திரும்பி வராவிட்டால் நாய்ஸ் டீம் கோப்பை மூடிவிடும். பூஞ்சணமும் எலியும் உரிய மேசைக்குப் போயே இருக்காது. ஆகவே மூடிய கேஸைத் திறக்கச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். மூன்று புதிய புகார்கள் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரச்சினை. ஒவ்வொன்றுக்கும் தனி ரெஃபரன்ஸ் எண் வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். "போனில் பத்துத் தடவை சொன்னேன்" என்பதற்கு மதிப்புக் குறைவு. கவுன்சில் கேட்கும் முதல் கேள்வியே "அவருக்கு எப்போது அறிவித்தீர்கள், என்ன பதில் வந்தது?" என்பதுதான். ஏஜென்சி நடுவில் இருந்தால் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த அறை, எந்தச் சுவர், எப்போது முதல், எவ்வளவு பரப்பு, வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருப்பது, எப்போது வந்து பார்க்கலாம் என்பது, இவ்வளவும் பத்து வரியில் அடங்கும். கோபத்தைக் காட்டாதீர்கள். இந்த மின்னஞ்சலைப் பின்னாளில் அதிகாரியும் படிப்பார், தேவைப்பட்டால் நீதிபதியும் படிப்பார். வீட்டுக்காரர் பார்க்க வருகிறேன் என்று 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொன்னால் அனுமதியுங்கள். உள்ளே விட மறுத்த குடியிருப்பாளரின் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.

இனிப் பூஞ்சணம். மூன்றில் இதுதான் பெரிது, உங்களுக்குச் சட்டபலம் அதிகம் உள்ளதும் இதில்தான்.

வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கலாம். சமையல், குளியல், துணி, மூச்சு எல்லாமே காற்றில் ஈரத்தைக் கலக்கும். அது குளிர்ந்த சுவரில் படியும், ஐஸ் போட்ட சோடா போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல. ஆனால் சுவர் ஏன் அவ்வளவு குளிராக இருக்கிறது, ஈரம் ஏன் வெளியேறவில்லை என்பதுதான் மற்றப் பாதி. அது கட்டடத்தின் பொறுப்பு. கணக்கைப் பாருங்கள். அறை 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் மோசமான நிலை இல்லை. அந்தக் காற்று 12 டிகிரியில் உள்ள பரப்பைத் தொட்டால் நீர்த்துளியாகும். பூஞ்சணத்துக்குத் துளிகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றாலே முளைத்துவிடும். இதே அறையில் சுவர் ஏறக்குறைய 15 டிகிரிக்கு இறங்கினால் அந்த நிலை வந்துவிடும். காப்புப் போடாத வெளிச்சுவரின் மூலை ஜனவரியில் அதைவிடக் கீழே போகும். சாதாரணமாக வாழும் ஒரு குடும்பத்தின் சமையலையும் குளியலையும் வீடு தாங்க வேண்டும் என்பதுதான் இங்கே அளவுகோல். இங்கிலாந்தின் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் (வீட்டுப் புகார்களை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், ஈரத்துக்கு வாழ்க்கைமுறையைக் காரணம் காட்டும் பழக்கத்தைக் கைவிடும்படி சமூக வீட்டு நிறுவனங்களிடம் (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன்) சொன்னார். 2023 செப்டம்பரில் வந்த அரசு வழிகாட்டி, குடியிருப்பவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதைத் தனியார் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் வீட்டுக்காரரின் பதிலுக்கு மறுமொழி எழுதும்போது இந்த வழிகாட்டியைக் குறிப்பிடுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெளிச்சுவர் மூலை, அலமாரிக்குப் பின்புறம், ஜன்னல் ஓரம் ஆகிய இடங்களில் கறுப்புப் புள்ளிகள், குளிர்காலத்தில் கூடி வெயில்காலத்தில் குறைவது என்றால் பெரும்பாலும் காற்று ஈரம் படிவது. மழை பெய்த ஓரிரு நாளில் பழுப்பு ஓரத்தோடு திட்டாகத் தோன்றினால் பீலி, கூரைத் தகடு, செங்கல் இடைச்சாந்து இவற்றில் ஓட்டை. மழை வந்தாலும் வராவிட்டாலும் மெல்லப் பெரிதாகும் திட்டு என்றால் குழாய்க் கசிவு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குக் கோடு போட்டாற்போல நிறம் மாறி, வெள்ளை உப்புப் பூத்திருந்தால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம். இந்தக் கடைசி வகையில் உப்பு இருப்பதால் கறுப்புப் பூஞ்சணம் அதிகம் வராது. தவிர நீங்கள் இருப்பது மேல்மாடி. யாராவது வந்து கீழ்ச்சுவரில் துளை போட்டு மருந்து ஏற்ற வேண்டும் என்று விலை சொன்னால் நம்ப வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் ஈரமென்றால் காற்றிலிருந்து வருகிறது, சுவர்ப் பக்கம் ஈரமென்றால் சுவருக்குள்ளிருந்து. இது முடிவான சோதனை அல்ல, ஆனாலும் அதிகாரியிடம் பேசத் தொடங்க உதவும்.

அடுத்து காற்றாடிகள். குளியலறைக் காற்றாடி நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியே தள்ள வேண்டும். சமையலறையில் அடுப்புக்கு மேலே கூண்டாக இருந்தால் 30 லிட்டர், வேறிடத்தில் இருந்தால் 60 லிட்டர். இவை கட்டட விதிகளின் எஃப் பகுதியில் உள்ள அளவுகள். பழைய வீட்டை உடனே இந்த அளவுக்கு உயர்த்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் ஒப்பிட்டுப் பேச இதுவே அடிப்படை. ஒரு டிஷ்யூத் தாளைக் காற்றாடி முகத்தில் பிடியுங்கள். ஒட்டி நிற்காவிட்டால் அது வெறும் சத்தம்தான். அடுப்புக்கு மேலே உள்ள கூண்டு வெளியே போகும் குழாயோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல பிளாட்களில் கரி வடிகட்டியின் வழியே இழுத்து அதே அறைக்குள் ஊதிவிடும் கூண்டுதான் இருக்கிறது. அது எண்ணெயைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. குளியலறைக் கதவுக்கு அடியில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கம்பளம் போட்டு அதை அடைத்துவிட்டால் எவ்வளவு நல்ல காற்றாடிக்கும் இழுக்கக் காற்று கிடைக்காது. இவற்றையெல்லாம் படம் எடுங்கள்.

ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பிள்ளையின் அறையில் ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் தள்ளி வையுங்கள். காலையும் இரவும் வெப்பம், ஈரப்பதம், ஹீட்டிங் எத்தனை மணி நேரம் ஓடியது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். வீட்டை 18, 20 டிகிரியில் வைத்திருந்தும், அவிக்கும்போது மூடி போட்டுக் காற்றாடியை ஓடவிட்டும் பூஞ்சணம் வருகிறது என்பதை அந்தத் தாள் காட்டும். 'இடியப்பம் அவித்ததுதான் காரணம்' என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஒருவேளை தாள் வேறுவிதமாக, அறை எந்நேரமும் 14 டிகிரியில் இருப்பதாகக் காட்டினால் அதையும் மறைக்காதீர்கள். சூடாக்கச் செலவு கட்டுபடியாகவில்லை என்றால், வீடு வெப்பத்தைத் தக்கவைக்கவில்லை என்பதே அடுத்த கேள்வி. வீட்டின் எனர்ஜி சான்றிதழை அரசின் இணையப் பதிவேட்டில் முகவரி போட்டு இலவசமாகப் பார்க்கலாம். விதிவிலக்குப் பதிவு செய்யாத வரை எஃப், ஜி தரமுள்ள வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. அதை அமல்படுத்துவதும் கவுன்சில்தான்.

பூஞ்சணத்தைத் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள், அளவு தெரிய ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து. பிறகு துடைக்கத்தான் வேண்டும். கவுன்சில் வரும்வரை ஆதாரத்துக்காக அப்படியே விட்டுவைத்துப் பிள்ளையை அதே அறையில் படுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தேவையற்ற துன்பம். உலர்ந்த துணியாலோ பிரஷாலோ தேய்க்காதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பூஞ்சணக் கொல்லி மருந்தைப் போத்தலில் சொன்னபடி பூசி, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா உள்ள கிளீனரையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, பிள்ளையை வேறு அறையில் வைத்துச் செய்யுங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வந்தால், காரணத்தைச் சரிசெய்யாமல் அடிக்கும் பெயின்ட் அடுத்த குளிர்காலம் வரைதான் என்பதை எழுத்தில் சொல்லி வையுங்கள்.

கவுன்சில் அதிகாரி வந்தால் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்வது நல்லது. அவர் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல வருவதில்லை. 2004 ஹவுசிங் சட்டத்தின்படி, இந்த வீட்டால் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் ஒருவருக்குத் தீங்கு வரும் வாய்ப்பு எவ்வளவு, வந்தால் எவ்வளவு கடுமை என்று புள்ளி போடுவார். ஈரம், பூஞ்சணம் விஷயத்தில் எளிதில் பாதிக்கப்படுவோராக 14 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மகன் அதில் வருகிறான். மருத்துவரின் கடிதம் கட்டாயமில்லை, என்றாலும் ஜிபியிடம் இருமலைச் சொல்லும்போது வீட்டுப் பூஞ்சணத்தையும் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பரிசோதனைத் தேதி முன்னுக்கு வர அது உதவலாம்.

புள்ளி 1,000-ஐத் தொட்டால் முதல் வகை ஆபத்து. அப்போது கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், அது சட்டக் கடமை. அதற்குக் கீழே என்றால் இரண்டாம் வகை. நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. எனவே பரிசோதனை முடிந்ததும் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வகை ஆபத்து என்று முடிவானது? எந்த நோட்டீஸ், எப்போது? நோட்டீஸ் இல்லையென்றால் காரணம் என்ன? நோட்டீஸ்களில் 'இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ்' வலு உள்ளது. என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்று அதில் எழுதியிருக்கும். கொடுத்த நாளிலிருந்து 28 நாளுக்கு முன் வேலையைத் தொடங்கச் சொல்ல முடியாது, வீட்டுக்காரர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 21 நாள் உண்டு. ஆக, எல்லாம் சரியாக நடந்தாலும் மாதக்கணக்காகும். இந்த நோட்டீஸை மீறுவது குற்றம். மீறினால் வாடகையைத் திருப்பிக் கேட்டுத் தீர்ப்பாயம் போகும் வழி உங்களுக்குத் திறக்கும். 'ஹசார்ட் அவேர்னஸ் நோட்டீஸ்' என்று ஒன்று வந்தால் மகிழ வேண்டாம். அது அறிவுரை மட்டுமே, பின்னால் கட்டாயம் எதுவும் இல்லை. பல கவுன்சில்கள் முதலில் வீட்டுக்காரருக்கு ஒரு சாதாரணக் கடிதம் போட்டுப் பார்ப்பதும் வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

அவாப் சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரோச்டேலில் பூஞ்சணம் பிடித்த பிளாட்டில் வாழ்ந்து 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் பெயரில் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. அவசர ஆபத்தை 24 மணி நேரத்தில் கவனிக்க வேண்டும், குறிப்பிடத்தக்க ஈரம், பூஞ்சணத்தைப் பத்து வேலை நாளில் விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இந்தக் காலக்கெடுக்கள் நடைமுறைக்கு வந்தது கவுன்சில் வீடுகளுக்கும் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கும்தான். உங்களைப் போன்ற தனியார் வாடகைக்காரர்களுக்கும் நீட்டிக்க 2025 வாடகைச் சட்டம் வழி செய்திருந்தாலும், அதற்கான தேதியோடு விதிகள் வரும்வரை உங்கள் கடிதத்தில் அதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம். உங்களிடம் இருப்பது வேறு: வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018 சட்டம். 2020 மார்ச் 20 முதல் நடப்பு வாடகைகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். அதன்படி கவுன்சிலுக்காகக் காத்திராமல் நீங்களே கவுன்டி கோர்ட்டுக்குப் போகலாம். இலவச ஆலோசனை தரும் ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் பேசிவிட்டுப் போங்கள். கதவைத் தட்டி 'நஷ்டஈடு வாங்கித் தருகிறோம்' என்று வந்து நிற்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

எலி. முதலில் எலியா, சுண்டெலியா? அரிசி மணி அளவில், கூர்முனையோடு 3 முதல் 8 மில்லிமீட்டர் என்றால் சுண்டெலி. 10 முதல் 20 மில்லிமீட்டர் என்றால் பெரிய எலி. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை, அதாவது 6 மில்லிமீட்டர் போதும். சிங்க்குக்குக் கீழே உள்ள பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் குழாயைவிட ஓட்டை பெரிதாக இருக்கும், அதுதான் வாசல். நுரையை மட்டும் அடித்து மூடினால் ஒரே வாரத்தில் கடித்துவிடும். கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே சாந்து பூச வேண்டும். இது கட்டட வேலை, வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பல கவுன்சில்களில் பெஸ்ட் கண்ட்ரோல் காசு வாங்கும் சேவை, சிலவற்றில் அந்தச் சேவையே இல்லை. ஆனால் அமலாக்கம் வேறு: 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எலியை ஒழிக்கவும் நுழைவாயிலை அடைக்கவும் கட்டட உரிமையாளருக்கோ கடைக்காரருக்கோ கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம், அதற்குப் புகார்தாரர் காசு கட்டத் தேவையில்லை. புகாரில் 'பெஸ்ட் கண்ட்ரோல் வேண்டும்' என்று எழுதாமல் 'கட்டடக் குறையாலும் கீழ்க்கடையாலும் எலி வருகிறது, விசாரிக்கவும்' என்று எழுதுங்கள்.

கடைக்குப் பின்னால் திறந்த குப்பைத்தொட்டி, சிந்திய எண்ணெய், இரவில் வெளியே வைத்த பைகள் இருந்தால் படத்தோடு உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தனியாக அனுப்புங்கள். அவர்கள் முன்னறிவிப்பின்றிக் கடைக்குள் போகலாம், உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்றால் அப்போதே மூடலாம். கடையின் சுகாதார மதிப்பெண் 0 முதல் 5 வரை. இங்கிலாந்தில் அதைக் கதவில் ஒட்டக் கட்டாயமில்லை, வேல்ஸிலும் வட அயர்லாந்திலும்தான் கட்டாயம். ஆகவே கதவில் எதுவும் இல்லையென்றால் இணையத்தில் பாருங்கள். பெரிய எலியாக இருந்து, குப்பையும் இல்லை, ஓட்டையும் அடைத்தாயிற்று, இன்னும் வருகிறது என்றால் உடைந்த சாக்கடைக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பொதுவான குழாய்களில் பெரும்பாலானவை 2011 அக்டோபர் 1 முதல் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. அவர்களுக்கும் ஒரு போன் போடுங்கள்.

காற்றாடி இரைச்சலுக்கு வருவோம். 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குடியிருப்பவரின் புகாரை நியாயமான அளவுக்கு விசாரிப்பது கவுன்சிலின் கடமை. தொல்லை என்று அதிகாரி உறுதி செய்தால் அதை நிறுத்தும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இரைச்சல் என்பதால், பேசித் தீர்க்க ஏழு நாள் வரை தள்ளிப்போடலாம். இத்தனை டெசிபல் தாண்டினால் தொல்லை என்ற எண் சட்டத்தில் இல்லை. எந்த நேரம், எவ்வளவு நேரம், எத்தனை நாள், எப்படிப்பட்ட சத்தம் என்பதுதான் கணக்கு. அதனால்தான் நாட்குறிப்புக்கு அவ்வளவு மதிப்பு. 'தினமும் தாங்க முடியவில்லை' என்று எழுதினால் பயனில்லை. 'செவ்வாய், இரவு 10.40 முதல் 1.05 வரை, பிள்ளையின் அறையில் ஜன்னல் மூடியிருந்தும் தாழ்ந்த உறுமல், கட்டில் சட்டத்தில் அதிர்வு, பிள்ளை இரண்டு முறை விழித்தான்' என்பதுதான் வேண்டும். சத்தமில்லாத நாளையும் 'இல்லை' என்று எழுதுங்கள், நம்பகத்தன்மை கூடும். கைபேசியில் உள்ள டெசிபல் செயலியின் எண்ணை ஆதாரமாக நம்ப வேண்டாம், ஆனால் ஒலிப்பதிவு பயன்படும்.

கட்டிலில் அதிர்வு தெரிகிறதா என்பது சின்ன விஷயமல்ல. சத்தம் காற்றில் வருகிறதா, கட்டடத்தின் வழியே ஏறுகிறதா என்பதை அது சொல்லும். ஜன்னலை மூடினால் சத்தம் பாதியாகக் குறைந்தால் காற்றுவழி. மூடினாலும் குறையாமல் சுவரில் காது வைத்தால் கூடினால், மோட்டாரைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம், அல்லது குழாயை உங்கள் சுவரில் நேரடியாகத் திருகி இறுக்கியிருக்கலாம். இரண்டும் சரிசெய்யக் கூடியவை. அதிகாரி அளக்க வந்தால், காற்றாடி ஓடாதபோது தெருவின் பின்னணி ஒலி எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று ஒப்பிடுவார். உறுமலோ விசிலோ தனியாகக் கேட்டால் அதற்கும் புள்ளி கூட்டுவார். பின்னணியைவிட ஏறக்குறைய 10 டெசிபல் அதிகம் என்றால் பாதிப்புக் கணிசமானது என்று கொள்வது வழக்கம். ஆகவே தெரு அடங்கிய நடு இரவில் வந்து அளக்கச் சொல்லுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வந்து 'பெரிதாக எதுவும் கேட்கவில்லை' என்று போனால் அளவீட்டுக்கே அர்த்தமில்லை.

கடைக்காரர் வியாபாரி என்பதால் 'என்னால் முடிந்த சிறந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டேன்' என்று வாதிட சட்டத்தில் இடமுண்டு. இங்கேதான் இன்னும் இரண்டு கதவுகள் உதவும். இரவு 11 மணிக்கு மேல் சூடான உணவு விற்க லைசன்ஸ் வேண்டும். கடைக்கு அது இருக்கிறதா, எத்தனை மணி வரை என்று கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். பொதுத்தொல்லை என்ற காரணத்தைக் காட்டி லைசன்ஸை மறுபரிசீலனை செய்யச் சொல்லி நீங்களே மனுப்போடலாம். இரண்டாவது பிளானிங் பிரிவு: வெளிச்சுவரில் ஏறும் பெரிய புகைக்குழாய்க்குப் பெரும்பாலும் அனுமதி தேவை. அனுமதியில் 'இரவு 11-க்கு மேல் ஓடக் கூடாது' என்ற மாதிரி நிபந்தனை இருந்தால், தொல்லையா இல்லையா என்ற வாதமே தேவைப்படாது, நிபந்தனை மீறல் என்று முடிந்துவிடும். இணையதளத்தில் கடையின் முகவரியைப் போட்டுத் தேடினால் அனுமதிக் கடிதம் கிடைக்கும். நாய்ஸ் டீம் இதைத் தானாகத் தேடிப் பார்க்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

கணவரின் பயத்துக்கு. காரணம் சொல்லாமல் எழுப்பும் பிரிவு 21 நோட்டீஸ் இங்கிலாந்தில் 2026 மே 1-ஓடு ஒழிந்தது. இனி வீட்டுக்காரர் சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றைக் காட்டி நீதிமன்றம் போக வேண்டும். வீட்டை விற்கிறேன், நானே குடிவருகிறேன் என்பவை அந்தக் காரணங்களில் உண்டு. அதற்கு நான்கு மாத நோட்டீஸ் வேண்டும், குடிவந்த முதல் ஆண்டில் பயன்படுத்த முடியாது. ஆகவே ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கவுன்சிலுக்குப் புகார் கொடுத்தது எழுப்பக் காரணம் ஆகாது. காரணம் ஆகக்கூடியது வாடகைப் பாக்கி. பூஞ்சணத்தைச் சொல்லி வாடகையை நிறுத்திவிடாதீர்கள், அவருக்கு நீங்களே ஆயுதம் கொடுத்ததாகும். வீட்டுக்காரர் பூட்டை மாற்றினாலோ மிரட்டினாலோ அது குற்றம், கவுன்சிலையும் போலீஸையும் உடனே அழையுங்கள். பெயரை மறைத்துப் புகார் கொடுக்கலாமா என்றால், கடை விஷயத்தில் பொதுவாகப் பெயரை வெளியிட மாட்டார்கள். உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கும் பரிசோதனையை வீட்டுக்காரர் அறியாமல் இருக்க வழியில்லை.

விசா விஷயத்தில் தயக்கமே வேண்டாம். 'பொது நிதி' என்று குடிவரவு விதிகள் பட்டியலிடுவது உதவித்தொகைகளையும் கவுன்சில் வீடு ஒதுக்கீடு, வீடற்றோர் உதவி போன்றவற்றையும்தான். சுகாதார அதிகாரியை அழைப்பதும் பரிசோதனை கேட்பதும் அதில் இல்லை. ஆங்கிலத்தில் பேசச் சிரமம் என்றால் புகாரிலேயே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை' என்று ஒரு வரி சேருங்கள். தொலைபேசிவழி ஏற்பாடு செய்ய முடியும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை இந்த வாரங்களில் எடுங்கள். பதில் இல்லாததாலேயே மூடப்படும் கோப்புகள் ஏராளம்.

இவ்வளவு செய்தும் கவுன்சில் அசையாவிட்டால், புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதிகாரியை அல்ல, நடக்காத செயலைக் குறிப்பிடுங்கள்: எந்தத் தேதியில் புகார், எந்த எண், பரிசோதனை ஏன் நடக்கவில்லை. கவுன்சிலின் இறுதிப் பதிலும் திருப்தி இல்லையென்றால் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், பிரச்சினை தெரியவந்த பன்னிரண்டு மாதத்துக்குள், இலவசமாக. இதைப் படிப்பவர்களில் கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வழி வேறு: கவுன்சில் தனக்கே நோட்டீஸ் கொடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் வீட்டுப் பிரிவின் புகார் முறையில் இரண்டு கட்டமும் முடித்து ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். கவுன்சில் இல்லாமலே தொல்லையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, 1990 சட்டத்தின் பிரிவு 82 எல்லாக் குடியிருப்பாளருக்கும் வழி தருகிறது. இரைச்சலுக்கு மூன்று நாள், மற்றவற்றுக்கு 21 நாள் முன்னறிவிப்பை எதிர்த்தரப்புக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு மஜிஸ்திரேட் கோர்ட்டில் முறையிடலாம். தொல்லை நிரூபணமானால் நியாயமான செலவு திரும்பக் கிடைக்கும், நிரூபணமாகாவிட்டால் எதிர்த்தரப்புச் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். எனவே அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் நாட்குறிப்பைக் காட்டுங்கள்.